கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு முதுகு

பட்டு செக்‌ஷனில் எதிரும் புதிருமாக இரண்டு ஆளுயரக் கண்ணாடிகள் உண்டு. விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் அந்த இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் நிற்பதுதான் பதினோரு வருஷமாக என் பிழைப்பு. வந்தவர்கள் ஒரு பட்டைக் கை காட்டினால், அதை என் யூனிஃபார்ம் புடவைக்கு மேலேயே சுற்றி, மடிப்பு வைத்து, முந்தானையைத் தோளில் விட்டு, ஒரு சுற்றுத் திரும்பிக் காட்ட வேண்டும். இந்த வேலைக்கு எல்லோரையும் விட மாட்டார்கள். கையில் வேகம் வேண்டும், வாயில் பேச்சு வேண்டும், உடம்பில் புடவை நிற்க வேண்டும். எனக்கு மூன்றும் இருந்தன. கல்யாணக் கூட்டம் பெண்ணைப் பார்க்காது, என்னைப் பார்த்துத்தான் புடவையை முடிவு செய்யும். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் தை மாதம் கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்திருந்தார்கள். ஒரு வேன் நிறைய ஆள். அரக்கு நிறத்தில் ஒரு பட்டை எடுத்து நான் கட்டிக் காட்டினேன். பெண்ணின் பெரியம்மா போல இருந்த ஒரு அம்மாள் என்னைத் திரும்பச் சொன்னாள். திரும்பினேன். இன்னொரு தரம் திரும்பச் சொன்னாள்.

"உன் மேல போட்டா புடவை எடுபடலம்மா. பின்னாடி தூக்கிக்கினு நிக்குது. வேற பொண்ணு யாருனா இருந்தா கட்டிக் காட்டச் சொல்லு."

அவள் குத்திப் பேசவில்லை. கத்தரிக்காயில் சொத்தை இருக்கிறது, வேறு போடு என்று சந்தையில் சொல்வார்களே, அப்படித்தான் சொன்னாள். அப்போதுதான் முன்கண்ணாடி வழியாகப் பின்கண்ணாடியில் தெரிந்த என் முதுகைப் பார்த்தேன். பதினோரு வருஷம் அங்கே நின்றும் நான் பார்த்ததெல்லாம் புடவையைத்தான். பின்கழுத்துக்குக் கீழே, இரண்டு தோளுக்கும் நடுவில், கைப்பிடி அளவுக்கு ஒரு சதை எழும்பி நின்றது. ஜாக்கெட் விளிம்பு அதன் மேல் ஏற முடியாமல் மடிந்து கிடந்தது. முகமும் உப்பலாகத்தான் இருந்தது, ஆனால் முகத்தை நான் தினமும் பார்க்கிறேன், அதனால் அது தெரியவில்லை.

அந்த வாரமே ஃப்ளோர் மேனேஜர் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எல்லோரையும் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே கழுத்தை அறுப்பவர். கம்ப்ளெயின்ட் வருகிறது, பட்டு செக்‌ஷன் கடைக்கு முகம் மாதிரி, நீங்களே யோசித்துப் பாருங்கள் என்றார். ஆடித் தள்ளுபடி முடியட்டும், அதற்குள் உடம்பைக் குறைத்துக்கொண்டால் சரி, இல்லையென்றால் கீழே துண்டு, பாவாடை செக்‌ஷனுக்கு மாற்றவேண்டி வரும் என்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்க ஹெல்த்துக்கும் நல்லதுதான," என்று சிரித்தார்.

துண்டு செக்‌ஷன் என்றால் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பொந்து. ஃபேன் காற்று வராது. அங்கே யாரும் எதையும் கட்டிக் காட்டச் சொல்ல மாட்டார்கள். துண்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாயம் போகுமா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். நிற்க முடியாமல் கால் ஓய்ந்தவர்களையும் வயதானவர்களையும் அங்கேதான் ஒதுக்குவார்கள். எனக்கு வயது நாற்பத்து மூன்று. என்னிடம் இருந்த ஒரே கெட்டிக்காரத்தனம் அந்தக் கண்ணாடிகளுக்கு நடுவில்தான் செல்லுபடியாகும். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வீடு திண்டிவனத்தில். தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். அன்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னது என் தப்பு. அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எழுந்து வந்து என் முதுகில் கை வைத்துப் பார்த்தார்.

"மாட்டுக்குத் திமிலு மாதிரி இல்ல கீது. இத்தினி நாளு சொல்லாம இருந்தேன்," என்றார்.

அன்றிலிருந்து என் பெயரே திமிலு ஆகிவிட்டது. திமிலு, டீ போடு. திமிலு, வண்டிச் சாவி எங்கே. காலேஜில் படிக்கும் மகள் மட்டும் சிரிக்கவில்லை. போனில் தேடி, மேல்முதுகுச் சதை குறைய என்று வரிசையாக வீடியோ எடுத்துக் கொடுத்தாள். அந்த வீடியோக்களில் வரும் பெண்களுக்கு முதுகில் சதையே இல்லை. எதைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஆனாலும் செய்தேன். விடிவதற்கு முன்னால் எழுந்து ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம் நடை. வந்ததும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை நிரப்பி, இடுப்பை வளைத்துக் குனிந்து, முழங்கையைப் பின்னால் இழுத்து இழுத்து இருபது தரம். துண்டின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் இறக்குவது இருபது தரம். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. கடைசியில் பாயில் குப்புறப் படுத்து, கையையும் நெஞ்சையும் தரையிலிருந்து தூக்கி, பத்து எண்ணும்வரை அப்படியே இருப்பது. இந்தக் கடைசி வேலை நடக்கும்போது என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே எண்ணுவார். ஏழுக்கு அப்புறம் வேண்டுமென்றே நிறுத்தி ஒரு வாய் டீ குடித்துவிட்டு எட்டு என்பார்.

சாப்பாட்டில் சோற்றை நிறுத்தினேன். காலையில் கேப்பைக் கூழ், மோர் ஊற்றி, ஒரே சொம்பு. மத்தியானம் டப்பாவில் வெள்ளரிக்காய், அவித்த முட்டை ஒன்று, கொஞ்சம் கீரை. ராத்திரிக்கு இரண்டு இட்லி. சர்க்கரை கிடையாது, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. கடை லஞ்ச் ரூமில் எல்லோரும் குழம்புச் சோறு பிசையும்போது நான் வெள்ளரிக்காய் கடிக்கும் சத்தம் எனக்கே கேவலமாகக் கேட்கும். இதையெல்லாம் எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் கடைப்பிடித்தேன், ஒரு நாளும் வழுவவில்லை என்று சொல்ல ஆசைதான்.

வழுவினேன். எனக்கு வந்த பசி சாதாரணப் பசி இல்லை. கூழ் குடித்த சொம்பைக் கழுவுவதற்குள் மறுபடி பசிக்கும். பஸ் கூட்டேரிப்பட்டில் நிற்கும்போது ஜன்னலோரம் அவித்த வேர்க்கடலை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், விற்றுக்கொண்டு வருவார்கள். அந்த வாசனைக்கு என் கை தானாகவே பர்ஸைத் திறந்துவிடும். விழுப்புரம் வருவதற்குள் ஒரு பொட்டலத்தை முழுங்கிவிட்டு, தோலை ஜன்னல் வழியாக வீசிவிட்டு, திருட்டு வேலை செய்தவள் போல முந்தானையில் வாயைத் துடைப்பேன். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் இப்படி. அதனால்தான் உடம்பு குறையவில்லை, குற்றம் என்னுடையதுதான் என்று நானே நம்பினேன். மற்றவர்கள் நம்பியதைச் சொல்லவே வேண்டாம். நான் இரண்டு இட்லிதான் தின்கிறேன் என்றால் என் வீட்டுக்காரர் இட்லிப் பானையைத் திறந்து எண்ணிப் பார்ப்பார்.

உடற்பயிற்சி ஆரம்பித்த பிறகு வலி அதிகமானது. வலி எனக்குப் புதிது இல்லை. பத்து மணி நேரம் நின்று வேலை செய்கிற எந்தப் பெண்ணுக்கும் முழங்கால், குதிகால், இடுப்பு மூன்றும் சொந்தமாக இருக்காது. உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்து, கடையிலும் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்தவளை ஒரு பார்வை பார்ப்பார்கள், அந்தப் பார்வைக்கு நிற்பதே தேவலாம். அதனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். மெடிக்கலில் ஒரு செட்டு வாங்கிப் போடுவேன்.

செட்டு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் போய் உடம்பு வலிக்கு ஒரு செட்டு என்று கேட்டால் போதும், சீட்டு எதுவும் வேண்டாம். பெரிய மாத்திரை ஒன்று, மஞ்சளில் ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக வெள்ளையில் ஒன்று, எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிரித்துச் சின்னப் பேப்பர் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். களை எடுத்துவிட்டு வருகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், எங்களைப் போல் நிற்கிறவர்கள், எல்லோர் இடுப்புப் பர்ஸிலும் அந்தக் கவர் இருக்கும். வெற்றிலை போடுகிற மாதிரிதான். போட்ட அரை மணி நேரத்தில் வலி போய், உடம்பு இறகு மாதிரி ஆகி, எதிரில் வருகிறவர்களிடம் சிரித்துப் பேசத் தோன்றும்.

எனக்குச் செட்டு வாங்கிவருவது என் வீட்டுக்காரர். நான்கு வருஷமாக, சனிக்கிழமை தவறாமல், அந்த வாரத்துக்கு உண்டானதை வாங்கி வந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். பூ வாங்கித் தராத மனுஷன், ஒரு நாளும் என்னைக் கடையில் வந்து கூட்டிக்கொண்டு போகாத மனுஷன், இதை மட்டும் மறந்ததில்லை. அவர் என் மேல் வைத்திருந்த பிரியத்துக்கு எனக்குத் தெரிந்த அடையாளம் அந்தக் கவர் ஒன்றுதான். முன்பு வாரத்துக்கு மூன்று போட்டுக்கொண்டிருந்தேன். நடையும் பாட்டிலும் ஆரம்பித்த பிறகு காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று போடாமல் முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். எடை பார்த்தார், பிரஷர் பார்த்தார். மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்றால் சர்க்கரைக்காரர்கள், பிரஷர்காரர்கள். செட்டுப் போடுவதை எவரும் மாத்திரை சாப்பிடுவதாக நினைக்க மாட்டார்கள். வாயைக் கட்டுங்கள், நடங்கள், உங்கள் வயதில் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நடந்தேன். நடந்த வலிக்கு இன்னொரு செட்டுப் போட்டேன்.

ஆடி வந்தது. தள்ளுபடிக் கூட்டத்தில் மூச்சு விட முடியாது. எனக்குக் கை தூக்க முடியாமல் போனது அப்போதுதான். முந்தானையை விரித்துத் தோளில் போடுவதற்குள் புஜம் நடுங்கும். தரையில் உட்கார்ந்து மடிப்புப் பிடித்தால் எழுந்திருக்க எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கையில் லேசாக இடித்தாலே நாவல்பழம் நசுங்கின மாதிரி நீலம் பாய்ந்தது. முதுகுச் சதை மட்டும் ஜம்மென்று அதன் இடத்தில் இருந்தது. ஆவணி முதல் தேதி மேனேஜர் என்னைக் கீழே அனுப்பினார். ஏழு மாதம் ஒரு பிடி சோறு கண்ணால் பார்க்காதவளைப் பார்த்து, நீங்க ட்ரை பண்ணியிருக்கலாம்க்கா என்றார். அன்றைக்கு அந்த ஆளைக் கீழே தள்ளி மிதிக்க வேண்டும் போலிருந்தது. சிரித்துவிட்டுப் படி இறங்கினேன்.

என் இடத்துக்குக் காட்டன் செக்‌ஷனில் இருந்த ஒருத்தி போனாள். முப்பது வயது, ஒலக்கூர் பக்கத்து ஊர், இரண்டு பிள்ளைகள், கொடி மாதிரி உடம்பு. என்னைப் போலவே தினமும் திண்டிவனம் பஸ்ஸில் வருகிறவள். அதற்கு முந்தின தீபாவளிக் கூட்டத்தில் அவள் குதிகால் வலியில் அழுதபோது என் பர்ஸிலிருந்து ஒரு செட்டை எடுத்துக் கொடுத்து, இதைப் போட்டுக்கோ, பறந்துக்கினு போவே என்று சொன்னவள் நான்தான். அப்புறம் அவளே கேட்டு வாங்க ஆரம்பித்தாள். எந்த மெடிக்கல் என்று வழி சொன்னதும் நான்தான். இப்போது அவள் என் கண்ணாடிகளுக்கு நடுவில் நின்றாள். அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

என் கண்ணைத் திறந்துவிட்டது டாக்டர் இல்லை, டெய்லர். தீபாவளி யூனிஃபார்ம் துணி கொடுத்திருந்தார்கள். எங்கள் தெருவில் தைக்கிற பெண்ணிடம் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தேன். அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டு டேப்பை எடுத்தாள். போன தடவை அளவு ஜாக்கெட்டை வைத்துத் தைத்து முதுகுப் பக்கம் கிழிந்துபோனதாம், இந்தத் தடவை ஆளை அளந்துதான் தைப்பேன் என்றாள். அளந்தாள். அவளிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது, வாடிக்கைக்காரர்களின் அளவெல்லாம் அதில் வருஷவாரியாக இருக்கும். புரட்டிப் பார்த்தாள். மறுபடி என் கையை அளந்தாள்.

"அக்கா, முதுகு ரெண்டு இஞ்சி ஏறிக்கினு கீது. கை ஒன்ற இஞ்சி எறங்கிக்கினு கீது. தின்னு வந்த சதை கையி காலு எல்லாம் பாத்துதான வரும்? இது தின்ன சதை இல்லக்கா. பெரிய ஆஸ்பத்திரில போயி காட்டு."

எட்டு மாதத்தில் என்னைப் பார்த்து நீ தின்னவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். அவள் கடையில் தொங்கிய ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் நின்று அழுதேன்.

விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். வரிசையில் நின்று, உள்ளே போனால், மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும், ஒரு பெண் டாக்டர். என்ன பிரச்சினை என்று கேட்கும்போதே என் முகத்தைப் பார்த்தார், கழுத்தைத் திருப்பச் சொன்னார், கையில் இருந்த நீலத்தைத் தடவினார். மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று அவரும் கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"சரிம்மா. முட்டி வலி, இடுப்பு வலி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"செட்டு வாங்கிப் போடுவேன்," என்றேன்.

இருக்கா, காட்டுங்கள் என்றார். பர்ஸிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தேன். மேஜையில் கொட்டி, நகத்தால் அந்தச் சின்ன வெள்ளையை மட்டும் தனியாகத் தள்ளினார். ஸ்டீராய்டு என்றார். எல்லாக் கடைச் செட்டிலும் இது இருக்காது, உங்கள் செட்டில் இருக்கிறது, ஒன்று இல்லை, இரண்டு இருக்கிறது என்றார். முதுகில் சதை ஏற்றுவது, முகத்தை ஊதவைப்பது, கையையும் தொடையையும் கரைப்பது, அடங்காத பசியைத் தருவது எல்லாம் இதுதான். நீங்கள் பட்டினி கிடந்தாலும் குறையாது. எவ்வளவு நாளாக என்று கேட்டார். நான்கு வருஷம் என்றேன். அவர் அதைச் சீட்டில் எழுதி அடிக்கோடு போட்டார்.

இனிமேல் தொடவே மாட்டேன், இப்போதே தூக்கிப் போடுகிறேன் என்றேன். அவர் பதறிவிட்டார். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, உடம்பு இதையே நம்பிப் பழகிவிட்டது, நான் எழுதித் தருகிற அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். திரும்பத் திரும்பச் சொன்னார். என் முதுகை இப்படி ஆக்கியதையே நான் இன்னும் பல மாதம் முழுங்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அன்று வரும் வழியில் கூட்டேரிப்பட்டில் இரண்டு பொட்டலம் மல்லாட்டை வாங்கி, தோலை என் மடியிலேயே போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்கத் தின்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கவரில் ஏன் அந்தச் சின்னது இரண்டு இருக்கிறது என்று கேட்டேன். 

"நீ வலி தாங்காம அழுவுற. மெடிக்கல்காரன்கிட்ட சொன்னேன். அந்தச் சின்னதுதான் வலிய கேக்குது, ரெண்டா போட்டுத் தர்றேன்னான். சரி போடுன்னேன். எனக்கு இன்னா தெரியும்?"

கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் தேவலை, வயிறெரிந்து திட்டித் தீர்த்திருப்பேன். திமிலு என்று கூப்பிட்ட அதே வாய் மெடிக்கலில் போய் என் வலிக்காகக் கெஞ்சியிருக்கிறது. திமிலை ஏற்றியதும் அவர்தான், அதைச் சொல்லிச் சிரித்ததும் அவர்தான், இரண்டுக்கும் நடுவில் எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவது? மறுநாளிலிருந்து டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அவரே பிளேடால் பாதியாக, அப்புறம் கால்வாசியாக வெட்டி, தண்ணீரோடு கொண்டுவந்து கொடுத்தார். திமிலு என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க ஆரம்பித்தால் என்னையும் சேர்த்து மன்னிக்க வேண்டியிருக்கும்.

ஏனென்றால் இந்தக் கதையில் இன்னொரு தப்பு இருக்கிறது. அது என்னுடையது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே நான் மாடி ஏறிப்போய், என் இடத்தில் நின்றவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நாலு பேருக்குத் தெரிந்தால் என்னைப் போதைக்காரி என்று பேசுவார்கள், வேலையே போய்விடும் என்று நினைத்தேன். அதெல்லாம் பாதிதான் உண்மை. லஞ்ச் ரூமில் அவள் முகம் மாதத்துக்கு மாதம் வட்டமாகிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். எல்லோரும் பட்டு செக்‌ஷன் ஏசி காத்துல பூசினாப்போல ஆயிட்டா என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், உள்ளே எங்கேயோ கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நடையையும் பாட்டிலையும் நான் விடவில்லை. கரைந்துபோன கைக்கு அது வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சோறும் சாப்பிட்டேன், அளவாக. முதல் சில மாதம் மூட்டெல்லாம் கழன்றுபோகிற மாதிரி வலி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மாத்திரை கால்வாசிக்கு வந்தபோது பசி அடங்கியது. முகம் இறங்கியது. முதுகு கடைசியாகத்தான் இறங்கியது, அதுவும் முழுக்க இல்லை. டெய்லர் பெண் நோட்டில் புது அளவை எழுதிவிட்டு, தன்னுடைய பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி எல்லோரிடமும் காட்டினாள். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஸ்டாண்டில், அவ ஏரிக்கரையில நடந்தே குறைச்சிட்டா என்று பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். செட்டைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

இந்த வருஷம் ஆடித் தள்ளுபடி முடிந்த மறுநாள் மேனேஜர் கீழே இறங்கி வந்தார். என்னைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். தப்பா எடுத்துக்காதீங்கக்கா என்று சொல்லிக்கொண்டே பார்த்தார்.

"பாத்தீங்களாக்கா? வாயக் கட்டினா தானா குறையுது. திங்கக்கிழமையில இருந்து மேல வந்துடுங்க. அந்தப் பொண்ணு ஊதிட்டா. பின்னாடி பாக்க முடியல. அவள கீழ போடுறேன்."

ஒரு வருஷம் அந்தப் பொந்தில் துண்டு மடித்துக்கொண்டு நான் காத்திருந்த வார்த்தை. வந்துவிட்டது. தேங்க்ஸ் சார் என்றேன். சந்தோஷப்படவும் செய்தேன். அவர் படி ஏறிப் போகும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கீழே வந்தாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் இடம், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மேலே இருந்த ஒரே ஸ்டூலில் யாரும் உட்கார மாட்டோம், இங்கே ஸ்டூல்கூட இல்லை, துண்டுக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கையை ஊன்றிக்கொண்டதைப் பார்த்தேன். ஜாக்கெட் விளிம்புக்கு மேலே அந்தச் சதை. என்னுடையதையே யாரோ எடுத்து அவள் முதுகில் வைத்த மாதிரி இருந்தது. ஆறு மாதமாகச் சோறே தின்னுறதில்லைக்கா, காலையில கேப்பைக் கூழ்தான், என் வீட்டுக்காரர் நம்ப மாட்டேங்கிறார் என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"மாத்திரை எதுனா சாப்பிடுறியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. ஒண்ணும் இல்ல."

பர்ஸைத் திற என்றேன். திறந்தாள். பேப்பர் கவர் இருந்தது. மத்தியானத்துக்கு உண்டானதை இன்னும் போடவில்லை. நான் கவரைப் பிரித்து, அந்தச் சின்ன வெள்ளையை நகத்தால் தள்ளிக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். என் முதுகு, டெய்லர், டாக்டர், எல்லாம். பத்து மாதத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

"மொத மொதல்ல எனக்குக் குடுத்தது நீங்கதானக்கா," என்று மட்டும் சொன்னாள்.

கவரை வாங்கிச் சாக்கடையில் வீச என் கை துடித்தது. ஆனால் சட்டென்று நிறுத்தக் கூடாது. திங்கட்கிழமை மேலே போகாமல் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவேன், வரிசையில் அவளோடு நிற்பேன், அதுவரைக்கும் இவள் இதைப் போட்டுத்தான் ஆக வேண்டும். மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் வைத்தேன். என் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு முழுங்கினாள்.